ஆர்க்கிமிடீஸும் சுரண்டப்பட்ட ஏடும்

நீராடுந் தொட்டியினின்றும் எழுந்து வீதியில் ஓடிய ஆர்க்கிமிடீஸின் கதையை அறியாத மாணாக்கர் இலர். அஃது அவர் காலத்திற்கு நெடுநாட்பின் எழுதப்பட்டதாதலின், அதனை விடுத்து, அவர்தம் நூலொன்று அழிந்தும் அழியாது நின்ற வரலாற்றை ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

இவர் கி. மு. 287-ஆம் ஆண்டளவிற் சிசிலித் தீவின் ஸிரக்யூஸ் நகரிற் பிறந்தார். ரோமர் அந்நகரை முற்றுகையிட்டபோது இவர் அமைத்த பொறிகள் மார்ஸெல்லஸின் சேனையை நெடுங்காலந் தடுத்து நிறுத்தின. கி. மு. 212-இல் நகரம் வீழ்ந்தது. இவரும் ஒரு போர்வீரனாற் கொல்லப்பட்டார். கோளமானது தன்னைச் சூழ்ந்த உருளையின் கன அளவில் மூன்றில் இரண்டு பங்கு என்று தாம் நிறுவியதையே இவர் பெரிதாக மதித்தனர். கல்லறையிலும் அவ்விரு வடிவங்களே பொறிக்கப்பெற்றன. கி. மு. 75-இல் ஸிஸரோ அக்கல்லறையை முட்புதரினிடையே தேடிக் கண்டார்.

அலெக்ஸாந்திரியாவிலிருந்த எரட்டோஸ்தீனஸுக்கு இவர் ஒரு நூல் எழுதி விடுத்தார். வடிவங்களை மெல்லிய துண்டங்களாக மனத்தால் அரிந்து, துலாக்கோலில் நிறுப்பதுபோல் எதிரெதிரே வைத்து, உண்மையை முன்னர் ஊகித்துப் பின்னர் நிறுவும் வழியை அதில் வெளியிட்டார். தாம் காணாதனவற்றைப் பின்வருவோர் இவ்வழியாற் காண்பர் என்பது அவர் நம்பிக்கை. அந்நம்பிக்கை நிறைவேறப் பன்னூறாண்டுகள் வாய்ப்பின்றிப் போயிற்று.

அந்நூலின் பிரதியொன்று பத்தாம் நூற்றாண்டிற் பதனிட்ட தோலில் எழுதப்பட்டது. 1229-இல் குருவானவர் ஒருவர் அவ்வெழுத்தைச் சுரண்டிக் கழுவி, ஏடுகளைக் குறுக்கே மடித்து, அவற்றின்மேல் ஜெபங்களை எழுதினார். தோல் அரிதாயிருந்த காலம் அது. அவரை நிந்திக்க நமக்கு மனம் வரவில்லை. ஜெப புஸ்தகமாயிராவிடின் அதனைப் போற்றி வைத்திருப்பார் யார்?

1906-இல் டென்மார்க்கு தேசத்துப் பண்டிதர் ஹைபர்க் கான்ஸ்டாண்டிநோப்பிளில் அதனைக் கண்டு, மங்கிய வரிகளைப் பூதக்கண்ணாடியால் வாசித்தார். பின்னர் அந்நூல் மறைந்தது. அவ்விடைக்காலத்தில் எவரோ பழஞ்சித்திரம்போலத் தோன்றும் போலிப் படங்களை நான்கு ஏடுகளில் தீட்டிவிட்டனர். குரு செய்ததினும் இதுவே பெருந்தீங்கு என்போம். 1998-இல் அஃது இருபது லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. அதன்பின் பால்டிமோர் நகரத்து வால்ட்டர்ஸ் கலைக்கூடத்தில் அறிஞர் பல நிற ஒளிகளால் அதனை ஆராய்ந்தனர். படத்தின் கீழ் மறைந்த எழுத்தோ, பழைய மையிலிருந்த இரும்பை எக்ஸ் கதிர் காட்டிக்கொடுத்தமையால் வெளிப்பட்டது. ஹைபர்க் கண்ட ஏடுகளுள் மூன்று இன்று இல்லை. அவர் எடுப்பித்த நிழற்படங்களே அவற்றிற்கு எஞ்சி நிற்கின்றன.