சானடோரியம் ஸ்டேஷன் பெயருக்குப் பின்னால் ஒரு டாக்டர்: யார் இந்த சௌரி முத்து?

படப்பையில் பஸ் ஏறி, தாம்பரத்தில் ரயில் மாறி மெப்ஸுக்கு வேலைக்குப் போகிறவர்கள் தினமும் இறங்குற ஸ்டேஷன், சானடோரியம். காசநோயாளிகளைத் தங்கவைத்து சிகிச்சை தரும் இடத்துக்குத்தான் அந்தப் பெயர். இங்கே அதை 1928-ல் தொடங்கியவர் டாக்டர் டேவிட் சௌரி முத்து.

யார் இவர்?

இங்கிலாந்தில் பெயர் எடுத்த காசநோய் மருத்துவர். வெல்ஸ் என்ற ஊருக்கு அருகே, மெண்டிப் மலைப்பகுதியில் சானடோரியம் நடத்தினார். 1914-ல் கணித மேதை ராமானுஜன் லண்டன் போன நெவாசா கப்பலில் இவரும் பயணம் செய்தார். மூன்றே வருஷத்தில், 1917-ல், உடம்பு முடியாமல்போன ராமானுஜன் இவருடைய சானடோரியத்துக்கே நோயாளியாக வந்தார்.

அப்போது எப்படி அளந்தார்கள்?

நுரையீரல் எவ்வளவு கெட்டிருக்கு என்று கண்டுபிடிக்க ஸ்டெதஸ்கோப், தெர்மாமீட்டர், எடை, சளிப் பரிசோதனை, மங்கலான எக்ஸ்-ரே. இவற்றை வைத்து நோயை மூன்று நிலைகளாகப் பிரிப்பது அந்தக் கால வழக்கம். ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து 1943-ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அதுவரை சுத்தமான காற்று, ஓய்வு, நல்ல சாப்பாடு, அளவான நடை, இவைதான் முக்கிய சிகிச்சை. ஆரம்பநிலையில் வந்தவர்களுக்கே நம்பிக்கை அதிகம். அதே முறையைத்தான் 12 படுக்கைகளோடு தாம்பரத்துக்குக் கொண்டுவந்தார். 1937-ல் அரசு அதை ஏற்றது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை.

இப்போது?

இன்று ஐசியூ டாக்டர்களிடம் ஓர் எண் இருக்கு. நிமோனியா போன்றவற்றால் இரண்டு நுரையீரலும் திடீரென வீங்கி நீர் கோத்துக்கொள்ளும் நிலைக்கு ஏஆர்டிஎஸ் என்று பெயர். தமனி ரத்தத்தின் ஆக்சிஜன் அழுத்தத்தை, நோயாளி சுவாசிக்கும் காற்றில் உள்ள ஆக்சிஜன் பங்கால் வகுப்பார்கள். 2012-ல் வந்த பெர்லின் வரையறைப்படி 200-க்கு மேல் 300 வரை லேசானது, 100-க்கு மேல் 200 வரை நடுத்தரம், 100 அல்லது அதற்குக் கீழ் தீவிரம். 60 சதவீத ஆக்சிஜன் கொடுத்தும் அழுத்தம் 60 என்றால், 60-ஐ 0.6-ஆல் வகுக்க 100. அதாவது தீவிரம். எண் 150-க்குக் கீழே போய், வென்டிலேட்டரிலும் தேறாதவர்களைப் பல மணிநேரம் குப்புறப் படுக்க வைக்கிறார்கள்.

சௌரி முத்து காலத்தில் நோயின் நிலை தெரிந்தாலும் கொடுக்க மருந்து இல்லை. இன்று அடுத்த சிகிச்சை எது என்பதையே எண் சொல்லுது. ஆனால், நேரத்தோடு வந்தால்தான் பிழைப்பது சுலபம் என்பது மட்டும் அன்றும் இன்றும் ஒன்றுதான். மூச்சு வாங்கினால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவது நல்லது.