உச்சரிப்பு மாறவில்லை, மொழி வசப்பட்டது

இருபது வயதுக்குப் பிறகு கற்ற மொழியில் ஒருவர் பெரிய எழுத்தாளராக முடியுமா? முடியும் என்பதற்கு நான் கண்ட சான்று, ஆங்கில நாவலாசிரியர் ஜோசப் கான்ராட்.

1857இல், இன்றைய உக்ரேனில் உள்ள பெர்டிச்சிவ் நகரில், போலந்துக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். ரஷ்ய ஆட்சியை எதிர்த்ததால் தந்தை குடும்பத்தோடு நாடு கடத்தப்பட்டார். பதினொரு வயதுக்குள் கான்ராட் தாயையும் தந்தையையும் இழந்துவிட்டார். 16 வயதில் கப்பல் வேலை தேடிப் பிரான்ஸின் மார்செய் துறைமுகத்திற்குச் சென்றார்.

1878இல், 20 வயதில், இங்கிலாந்து வந்தபோது அவருக்கு ஆங்கிலம் சரியாகத் தெரியாது. மாலுமிகளோடு பேசியும் நாளிதழ்களைப் படித்தும் கற்றுக்கொண்டார். கப்பல் அதிகாரிகளுக்கான தேர்வுகளில் இருமுறை தோற்றும் தளராமல், 1886இல் கப்பல் தலைவருக்கான சான்றிதழ் பெற்றார். அடுத்த ஆண்டு, நம் சிங்கப்பூரிலிருந்து போர்னியோவுக்குச் சென்றுவந்த விடார் கப்பலில் பணியாற்றினார். அந்தப் பயணங்களில் சந்தித்த வணிகர் ஒருவரே, 1895இல் வெளிவந்த அவரது முதல் நாவலின் நாயகனுக்கு முன்மாதிரி.

எழுத்தில் இவ்வளவு உயர்ந்தும், பேச்சில் போலிஷ் சாயல் இறுதிவரை போகவில்லை. அதை எண்ணிக் கூச்சப்பட்ட அவர் மேடைகளைத் தவிர்த்தார். இன்னொரு பக்கம், ஆங்கிலத்தில் எழுதுவதற்காக அவரைப் போலந்து எழுத்தாளர் ஒருவர் 1899இல் கடுமையாகச் சாடினார். ஆனால் தாய்மொழி அவரை விட்டுப் போகவே இல்லை. 1896இல் தேனிலவின்போது காய்ச்சலில் பிதற்றிய அவர், ஆங்கிலேய மனைவிக்குப் புரியாத போலிஷ் மொழியில்தான் பேசினார்.

இருமொழிக் கல்வியில் வளர்ந்த எனக்கு இந்த இருபக்க நெருக்கடி புதிதல்ல. ஆங்கிலம் பேசினால் உச்சரிப்பைக் கவனிப்பார்கள். தமிழ் பேசினால் தடுமாற்றத்தைக் கவனிப்பார்கள். அதற்கு அஞ்சியே வாய் திறக்காத நண்பர்கள் எனக்கு உண்டு. பேசாததால் பயிற்சி குறைகிறது. பயிற்சி குறையக் குறைய அச்சம் கூடுகிறது.

சொல்வளமும் இலக்கண அறிவும் எந்த வயதிலும் வளரக்கூடியவை. உச்சரிப்போ சிறுவயதுப் பழக்கத்தோடு ஒட்டிக்கொள்வது. மொழியில் தேர்ந்தும் உச்சரிப்பு மாறாத இந்த நிலைக்கு மொழியியலாளர்கள் கான்ராட்டின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். ஆகவே உச்சரிப்பை மட்டும் வைத்து ஒருவரின் மொழித்திறனை எடைபோடக்கூடாது என்பதே என் கருத்து.

1923இல், 65 வயதில், நியூயார்க்கில் ஒரு வீட்டில் கூடியிருந்த விருந்தினர்முன் கான்ராட் தம் நாவலின் ஒரு பகுதியைப் பதற்றத்தோடு வாசித்தார். மறு ஆண்டு மறைந்தார். அன்றும் அவரது உச்சரிப்பு மாறியிருக்கவில்லை. அச்சமும் முழுதாக நீங்கியிருக்கவில்லை. ஆனாலும் வாசித்தார்.