பதின்மூன்று வருஷம் நடந்த யாத்திரை

பாத்தியில தண்ணி விட்ட அன்னிக்கே யாரும் உப்பு வாரமாட்டாங்க. பிரம்மதேசம், மரக்காணம் பக்கத்து ஜனங்களுக்கு இது நல்லாத் தெரியும். அப்படிப் பொறுமையாய் உழைத்த ஒரு தேவ மனுஷனைப் பாருங்கள்.

எச். ஏ. கிருஷ்ண பிள்ளை 1827-ல் திருநெல்வேலிச் சீமையின் கரையிருப்பில், வைணவக் குடும்பத்தில் பிறந்தார். 1853-ல் சாயர்புரத்துக்குத் தமிழாசிரியராய் வந்தார். தமிழ் சொல்லிக்கொடுக்க வந்தவரை ஆண்டவர் சந்தித்தார். 1858-ல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார்.

ஜான் பன்யன் 1678-ல் வெளியிட்ட மோட்சப் பிரயாணம் அவர் உள்ளத்தைத் தொட்டது. அழியப்போகிற நகரத்தை விட்டோடி, பரம நகரம் சேருகிறவனின் கதை அது. பழைய வழியை விட்டு வந்த பிள்ளை அதைத் தமிழில் காவியமாகவே பாடினார். நற்போதகம் என்ற மாதப் பத்திரிகையில் அது 13 வருஷம் தொடராய் வந்தது. 1894-ல் இரட்சணிய யாத்திரிகம் என்று 3,766 பாட்டுகளோடு புத்தகமானது. 1900-ல் அவர் ஓட்டத்தை முடித்தார்.

நம்ம காலத்திலும் அமெரிக்காவிலிருந்து லெஃப்ட் பிஹைண்ட் என்ற கடைசிக்காலக் கதைகள் 1995 முதல் 2007 வரை 16 புத்தகமாய் வந்தன. அடுத்து என்ன ஆகுமோன்னு ஆவலாய்ப் படிக்கிறோம், படிக்கலாம். ஆனா அந்திக்கிறிஸ்து யாரு, எந்த வருஷம்னு கணக்குப் போடுறதோட நின்னுட்டா என்ன பிரயோஜனம்?

கதையில் வருகிறவன் ஊரை விட்டுக் கிளம்பிட்டான். பாடின பிள்ளையும் கிளம்பினார். படிக்கிற நாம கிளம்பினோமா?

கர்த்தர் தாமே நம்மை ஆயத்தப்படுத்துவாராக. ஆமென்!