கணிதசார சங்கிரகம் தந்த மகாவீராசாரியர்

இராட்டிரகூடப் பேரரசன் அமோகவர்ஷ நிருபதுங்கன் மானியகேடத்திலிருந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆட்சி புரிந்தவன். ஜினசேனாசாரியரைக் குருவாகப் போற்றியவன். அவன் காலத்தில், ஏறத்தாழக் கி.பி. 850இல், கன்னட நாட்டில் விளங்கிய திகம்பரப் பேரறிஞர் மகாவீராசாரியர். நம் சித்தன்னவாசல் குகைப்பள்ளியை மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் புதுப்பித்ததும் அந்நூற்றாண்டில்தான்.

ஆரியபட்டரும் பிரமகுப்தரும் கணிதத்தை வானநூலின் ஓர் உறுப்பாகவே வைத்தனர். மகாவீரரோ கணிதத்திற்கென்றே தனி நூல் செய்தார். ஒன்பது அதிகாரங்களும் ஆயிரத்து நூற்றுக்கு மேற்பட்ட சுலோகங்களும் கொண்ட அந்நூல், வர்த்தமானப் பெருமானை வணங்கித் தொடங்கி, அமோகவர்ஷனைப் புகழ்ந்து, இசை, நாடகம், சமையல், மருத்துவம், கட்டடக்கலை, யாப்பு என எத்துறையிலும் கணிதமின்றி இயங்க முடியாது என்று நிறுவுகிறது. ஒன்று முதலாக இருபத்துநான்கு எண்ணிடங்களுக்கும் அதில் பெயருண்டு.

பெருக்கலைக் கற்பிக்கும் பகுதியில் ஆசாரியர் மாணாக்கர்க்கு ஒரு விருந்து வைக்கிறார். 27994681 என்னும் எண்ணை 441ஆல் பெருக்கச் சொல்கிறார். விடை 12345654321. ஒன்றிலிருந்து ஆறுவரை ஏறி, அவ்வாறே இறங்கும் இவ்வெண்ணை இடமிருந்து படித்தாலும் வலமிருந்து படித்தாலும் ஒன்றே. தமிழ்ப் புலவர்கள் மாலைமாற்று என்பார்களே, அது எண்ணில் அமைந்தது போலும்! இது தற்செயலாக வாய்த்ததன்று. 441 என்பது 21இன் வர்க்கம். 27994681 என்பது 5291இன் வர்க்கம். 21ஐ 5291ஆல் பெருக்கினால் 111111 வரும். அதன் வர்க்கமே அந்த மாலை. 111111 என்பது 3, 7, 11, 13, 37 ஆகிய பகா எண்களின் பெருக்கம் என்பதைக் கண்டால், அதை 21 என்றும் 5291 என்றும் பிரித்த நுட்பம் புலப்படும். 152207ஐ 73ஆல் பெருக்கினால் எட்டு ஒன்றுகள். 142857143ஐ 7ஆல் பெருக்கினால் 1000000001. பேரன் பேத்தியர் கணிப்பொறியைத் தொடாமல் இவற்றைத் தாளில் பெருக்கிப் பார்க்கட்டும்.

குறை எண்ணிற்கு வர்க்கமூலம் இல்லை என்றும் அவர் தெளிவாகக் கூறினார்: மிகை எண்ணாயினும் குறை எண்ணாயினும் அதன் வர்க்கம் மிகையே அன்றோ? ஆயினும், ஓர் எண்ணைச் சுழியத்தால் வகுத்தால் அவ்வெண் மாறாதிருக்கும் என்ற அவர் கூற்று பிழையே. நம் ஆசாரியர் என்பதற்காக அதனை மறைத்தல் நேர்மையன்று.

11ஆம் நூற்றாண்டில் பாவுலூரி மல்லனர் இந்நூலைத் தெலுங்காக்கினார். பின்னர், தென்னாட்டில் பயின்ற அந்நூல் வெளியுலகம் அறியாத ஏடாயிற்று. சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ம. ரங்காசாரியர் அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் கண்ட சுவடிகள் முழுமையாக இல்லை. மைசூரிலும், சமணர் காத்துவந்த மூடபித்ரியிலும் இருந்த படிகளைப் பெற்று, ஒப்புநோக்கி, ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1912இல் அவர் வெளியிட்டார். சென்னை அரசினர் அச்சகத்தில் அது அச்சேறியது.