மனை விற்று ஒரு நகரத்தையே கட்டியவர்... கடைசியில் போஸ்ட் மாஸ்டர்! யார் இந்த ஜார்ஜ் மெரிக்?

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், மயாமியை ஒட்டி இருக்கிறது கோரல் கேபிள்ஸ் நகரம். ஒரு காலத்தில் இது வெறும் பழத்தோட்டம். அதை நகரமாக்கியவர்தான் ஜார்ஜ் மெரிக்.

1886-ல் பென்சில்வேனியாவில் பிறந்தவர். அப்பா பாதிரியார். 1899-ல் குடும்பம் ஃபுளோரிடாவுக்கு வந்தது. 160 ஏக்கரில் விவசாயம். விளைந்ததை வண்டியில் ஏற்றி மயாமிக்கு கொண்டுபோய் விற்றது சிறுவன் மெரிக்தான்.

அப்பாவின் மறைவுக்குப் பிறகு நிலத்தைப் பல மடங்கு பெருக்கினார். 1921 நவம்பரில் மனை விற்பனை தொடங்கியது. கல் வெட்டிய பள்ளத்தையே அழகான நீச்சல் குளமாக்கினார். அங்கே மனை வாங்கச் சொல்லிப் பேச முன்னாள் வெளியுறவு அமைச்சர் பிரையனையே சம்பளத்துக்கு அமர்த்தினார். 1925-ல் நகர அந்தஸ்து கிடைத்தது. மயாமி பல்கலைக்கழகத்துக்கு 160 ஏக்கரைத் தூக்கிக் கொடுத்தார்.

சிக்கல் எங்கே? மனைகள் போனது தவணையில். சந்தை சரிய, தவணை நின்றது. ஆனால் மெரிக் வாங்கிய கடன் அப்படியே நின்றது. 1926 செப்டம்பரில் பெரும்புயல் வேறு. நிறுவனம் திவால்.

இன்னொரு பக்கமும் உண்டு. தோட்டத்திலும் கட்டுமானத்திலும் பஹாமாஸிலிருந்து வந்த கறுப்பினத் தொழிலாளர்கள் உழைத்திருக்கிறார்கள். அதே மெரிக்தான் 1937-ல், கறுப்பினக் குடும்பங்களை மயாமி எல்லைக்கு வெளியே அனுப்ப வேண்டும் என்று திட்டம் சொன்னார்.

1940-ல் மயாமி போஸ்ட் மாஸ்டர் ஆனார். 1942-ல், 55 வயதில் மறைந்தார். அவர் கொடுத்த நிலத்தில் பல்கலைக்கழகம் இன்றும் நடக்கிறது. அவர் சொன்ன அந்தத் திட்டமும் வரலாற்றில் அழியாமல் நிற்கிறது.