சிறை மீண்ட சிதம்பரனார்

1912-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் கண்ணனூர்ச் சிறையின் கதவு திறந்தது, வ. உ. சிதம்பரம் பிள்ளை வெளியே வந்தார். அப்பொழுது அவருக்கு வயது நாற்பது. 1908-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அவர் சிறைப்பட்ட செய்தி பரவியபோது நெல்லையும் தூத்துக்குடியும் கொந்தளித்து எழுந்தன. கடைகள் மூடப்பட்டன, தொழிலாளர் வேலைக்குச் செல்ல மறுத்தனர். அவர் விடுதலை பெற்ற நாளிலோ அவரை எதிர்கொள்ளப் பெருங்கூட்டம் ஏதும் திரளவில்லை. ஐந்தாண்டு நிறைவதற்குள் நாட்டின் காற்று திசை மாறிவிட்டது.

சிதம்பரனார் வாழ்வின் முற்பகுதியை அறியாத மாணவர் இரார். 1872-ஆம் ஆண்டில் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். தந்தையாரைப் போலவே வழக்கறிஞரானார். 1906-ஆம் ஆண்டில் சுதேசி நாவாய்ச் சங்கத்தை நிறுவினார். ஆங்கிலேயக் கம்பெனிக்குப் போட்டியாகத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் ஓட்டினார். அதற்கு அரசு அளித்த பரிசு இரட்டை ஆயுள் தண்டனை. இருபது ஆண்டும் இருபது ஆண்டுமாக நாற்பது ஆண்டுகள்! மேல் முறையீட்டினால் அது ஆறு ஆண்டுகளாகக் குறைந்தது. கோவைச் சிறையில் அவர் மாட்டைப் போலச் செக்கிழுத்ததும் யாவரும் அறிந்ததே. நம் நூல்கள் பெரும்பாலும் அவ்விடத்தோடு கதையை முடித்துவிடுகின்றன. ஆனால் அப்பெருமகனார் அதன்பின் இருபத்து நான்கு ஆண்டுகள் உயிரோடிருந்தார். அவ்வாழ்வே இங்குச் சொல்லப்படுவது.

சிறையினின்றும் மீண்டவர் கைகளில் என்ன இருந்தது? கப்பற் கம்பெனி கலைக்கப்பட்டுவிட்டது. கப்பல்கள் பிறர் கைக்குப் போயின. தண்டனை பெற்றவர் என்பதால் வழக்கறிஞர் சன்னது பறிபோயிற்று. ஆதலின் கற்ற தொழிலைச் செய்து பிழைக்கவும் வழியில்லை. தண்டனைச் செய்தி கேட்ட அதிர்ச்சியில் தம்பி மீனாட்சிசுந்தரம் சித்தம் கலங்கியவர், பின்னர்த் தெளியவே இல்லை. மனைவியார் மீனாட்சி அம்மையாரும் இளம் மக்களும் அவரையே நம்பியிருந்தனர். வழக்கு மன்றத்தில் அஞ்சாது நின்றவருக்கு இப்பொழுது நாளைய உணவு எங்கிருந்து வரும் என்பது தெரியாது. பகைவன் எதிரே நிற்கும்போது பிறக்கும் வீரம் ஒருவகை. எதிரே எவரும் இல்லாதபோது வேண்டப்படும் வீரம் மற்றொரு வகை. பின்னதே அரிது என்று தோன்றுகிறது.

சிதம்பரனார் குடும்பத்தோடு சென்னையில் குடியேறினார். மேடையில் முழங்கிய அவர் சிறு கடை வைத்து வாணிகம் செய்ய முற்பட்டார். பல்லாயிரம் மூட்டைகளைக் கடல் கடத்திய கைகள் தராசைப் பிடித்தன. வாணிகம் செழிக்கவில்லை, ஒன்று நலிந்தால் வேறொன்றைத் தொடங்கினார். பழம்பெருமையைச் சொல்லிக்கொண்டு முடங்கிக் கிடக்க அவர் மனம் ஒப்பவில்லை. சிறையில் இருந்தபோதே அவர் எழுத்தைத் துணையாகக் கொண்டிருந்தார். ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கில ஆசிரியரின் நூலை ‘மனம்போல வாழ்வு’ என்னும் பெயரால் தமிழாக்கினார்; அறங்களைத் தொகுத்து ‘மெய்யறம்’ என்னும் செய்யுள் நூலை இயற்றினார். வறுமை மிக்கிருந்த சென்னை வாழ்விலும் அப்பணியை அவர் விடவில்லை. திருக்குறள் அறத்துப்பாலுக்கு மணக்குடவர் எழுதிய பழைய உரையைத் தேடிப் பெற்று, 1917-ஆம் ஆண்டில் அச்சிட்டார். அடுப்பெரிய வழி தேடும் ஒருவர் ஏட்டுச் சுவடியின் பாடம் பிழையின்றி அமைய வேண்டுமென்று கவலைப்பட்டார் என்பதை எண்ணிப் பாருங்கள்!

அந்நாளில் நிகழ்ந்த ஒன்றை ஈண்டுக் குறிப்பிடுதல் தகும். தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த இந்தியர் சிலர் சிதம்பரனாரின் துன்பத்தைக் கேள்வியுற்று, அவருக்கென்று பணம் திரட்டிக் காந்தியடிகளிடம் கொடுத்திருந்தனர். 1915-ஆம் ஆண்டில் அடிகள் சென்னைக்கு வந்தபோது இருவருக்கும் கடிதப் போக்குவரத்து ஏற்பட்டது. அப்பணம் தமக்குத் தேவையாக இருக்கிறது என்பதைச் சிதம்பரனார் மறைக்கவில்லை. தம் நிலையை உள்ளவாறே எழுதினார். கடிதங்கள் பல சென்றன. மாதங்கள் பல கழிந்தன. 1916-ஆம் ஆண்டில் 347 ரூபாய் 12 அணா அவர் கைக்கு வந்து சேர்ந்தது. ஒரு காலத்தில் பத்து இலட்ச ரூபாய் மூலதனத்திற்குத் திட்டமிட்டவர் அவர்; பிறருக்கு வாரி வழங்கியவர். அத்தகையவர் தம் இல்லாமையை ஒளிவின்றிச் சொல்ல எத்துணை நெஞ்சுரம் வேண்டும்! செக்கிழுத்ததினும் இது எளிதாய் இருந்திராது.

தம் துயரத்தின் நடுவிலும் பிறர் துயரத்தை அவர் மறந்தாரல்லர். சென்னைத் தொழிலாளர் இயக்கத்தில் திரு. வி. க. முதலியோரோடு கலந்து உழைத்தார். பின்னர்க் கோவைக்குச் சென்று சில காலம் வாழ்ந்தார். 1920-ஆம் ஆண்டில் ஒத்துழையாமைக் கொள்கை அவருக்கு உடன்பாடாகத் தோன்றாமையால் காங்கிரசினின்றும் விலகினார். ஊரெல்லாம் ஒருபுறம் செல்லும்போது தனியே நிற்க அஞ்சவில்லை. 1927-ஆம் ஆண்டில் சேலத்தில் நடைபெற்ற அரசியல் மாநாட்டிற்கு அவரே தலைமை தாங்கினார்.

இழந்த சன்னதை மீட்டுத் தந்தவர் வாலேசு என்னும் ஆங்கில நீதிபதி. அவர் திருநெல்வேலியில் பணியாற்றிய காலத்தில் சிதம்பரனார் மீதிருந்த வழக்கை விசாரித்தவர்களுள் ஒருவர் என்பது வியப்புக்குரியது. ஆங்கில ஆட்சியை எதிர்த்த சிதம்பரனார் அந்த ஆங்கிலேயரின் நன்றியை மறக்கவில்லை. தம் மகன் ஒருவனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். ஆட்சியின் மீது கொண்ட பகையை மனிதர் மேல் ஏற்றாத உள்ளம் அவருடையது.

சன்னது கிடைத்தபின் கோவில்பட்டியில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். ஐம்பது வயதைக் கடந்தபின் இளைஞர்களோடு போட்டியிட்டுக் கட்சிக்காரர்களைத் தேட வேண்டியிருந்தது. பழைய வருவாய் திரும்பவில்லை. ஆயினும் தமிழ்ப் பணி வளர்ந்தது. தொல்காப்பியத்திற்கு இளம்பூரணர் இயற்றிய உரையைப் பதிப்பித்தார். 1932-ஆம் ஆண்டில் மீண்டும் தூத்துக்குடிக்கே வந்து சேர்ந்தார். தம் கப்பல்கள் நின்ற கடற்கரையில் பிறர் கப்பல்கள் வந்து போவதைக் கண்டுகொண்டே அவர் இறுதி நாட்கள் கழிந்தன. சிவஞான போதத்திற்கு அவர் எழுதிய உரை 1935-ஆம் ஆண்டில் வெளிவந்தது.

அடுத்த ஆண்டு நவம்பர்த் திங்கள் 18-ஆம் நாள் அவர் காலமானார். அதற்குச் சில நாட்களுக்கு முன், தம் குடும்பத்தின் நிலையைக் குறித்து ஓர் உயில் எழுதினார். அதில் கடைக்காரர்களுக்குத் தாம் கொடுக்க வேண்டிய சில்லறைக் கடன்களையும் மறவாமல் குறித்திருந்தார்.