தமிழ்த் தட்டச்சின் தந்தை

மொழிக்குத் தொண்டு செய்தோர் பலதிறத்தினர். பாட்டியற்றித் தொண்டு செய்தோர் சிலர். உரை வகுத்துத் தொண்டு செய்தோர் சிலர். அழியவிருந்த ஏடுகளைத் தேடி அச்சேற்றி வாழவைத்தோர் சிலர். ஏட்டினின்று அச்சுக்கு வந்த தமிழை, அச்சுக்கூடத்தினின்று அலுவலக மேசைக்குக் கொண்டுவந்து தொண்டு செய்தவர் ஒருவர் உளர். அவர்தாம் யாழ்ப்பாணத்து இராமலிங்கம் முத்தையா.

முத்தையா 1886ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 24ஆம் நாள், யாழ்ப்பாணத்தைச் சார்ந்த சுண்டிக்குளியில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தமையால் தாயாரின் அரவணைப்பில் வளர்ந்து கல்வி பயின்றார். அக்காலத்தில் மலாயா நாட்டில் இருப்புப்பாதைகளும் இரப்பர்த் தோட்டங்களும் வணிக நிலையங்களும் பெருகிவந்தன. ஆங்கிலம் கற்ற எழுத்தர்கள் அங்கே மிகுதியாகத் தேவைப்பட்டனர். ஆகவே, யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் கப்பலேறி அந்நாட்டுக்குச் சென்றனர். முத்தையாவும் 1907ஆம் ஆண்டில் அவ்வாறே சென்றார். பின்னர்ச் சிங்கப்பூரில் அயில்ஸ்பரி கார்லண்ட் என்னும் வணிக நிறுவனத்தில் அமர்ந்து, தலைமை எழுத்தராக உயர்ந்து, 1930ஆம் ஆண்டு வரை பணிபுரிந்தார்.

அலுவலகங்களின் முகத்தையே மாற்றிய கருவி ஒன்று அந்நாளில் எங்கும் பரவியிருந்தது. அஃது ஆங்கிலத் தட்டச்சுப்பொறி. அமெரிக்க நாட்டைச் சேர்ந்த கிறிஸ்டபர் ஷோல்ஸ் என்பார் 1868ஆம் ஆண்டில் அதற்கு உரிமை பெற்றார். ரெமிங்டன் நிறுவனத்தார் 1874ஆம் ஆண்டில் அதனை விற்பனைக்குக் கொணர்ந்தனர். முத்தையா தட்டச்சும் சுருக்கெழுத்தும் முறையாகக் கற்றுத் தேர்ந்தார். நாள்தோறும் அவர் கண்ணெதிரே ஆங்கிலக் கடிதங்கள் தெளிவான எழுத்தில், நேரான வரியில், நொடிப்பொழுதில் உருவாயின. தமிழில் எழுத வேண்டியவற்றையோ கையால்தான் எழுத வேண்டியிருந்தது. இந்த வேற்றுமை அவர் உள்ளத்தை உறுத்தியது. விரைவும் தெளிவும் வேண்டும் இடங்களில் கருவியில்லாத மொழி பின்தங்கிவிடும். வீட்டுக்கும் வழிபாட்டுக்கும் மட்டுமே உரியதாகி ஒதுங்கிவிடும் என்பதை அவர் உணர்ந்தார். தமிழுக்கும் ஒரு தட்டச்சுப்பொறி வேண்டும் என்ற எண்ணம் அவரிடம் வேரூன்றியது.

எண்ணுவது எளிது, செய்வது அரிது. ஆங்கில எழுத்துகள் இருபத்தாறே. தமிழிலோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என எழுத்துகள் 247 ஆகும். தட்டச்சுப்பொறியில் உள்ள விசைகளோ ஏறத்தாழ நாற்பத்தைந்துதான். ஒவ்வொரு விசைக்கும் கீழ்நிலை, மேல்நிலை என இரண்டு வடிவங்களே அமையும். ஆகவே, தொண்ணூறு வடிவங்களுக்குள் தமிழ் முழுவதையும் அடக்க வேண்டும். அன்றியும், ணா, றா, னா ஆகியவற்றுக்கும் ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்கும் அக்காலத்தில் தனித்த சுழி வடிவங்கள் வழங்கின. அவை பிற எழுத்துகளை ஒத்து அமைந்தது 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்தால்தான்.

முத்தையா தளர்ந்தாரல்லர். தமிழ் எழுத்துகள் அனைத்தையும் பெரிய அட்டையில் எழுதி ஒட்டி வைத்து, நாள்தோறும் அவற்றை உற்று நோக்கினார். எழுத்துகளின் எண்ணிக்கையை மறந்து, அவற்றின் உறுப்புகளை ஆராயத் தலைப்பட்டார். கா, சா, தா முதலியவற்றிற்கு ஒரே கால் போதும். கெ, செ, தெ முதலியவற்றிற்கு ஒரே ஒற்றைக்கொம்பு போதும். கோ என்பதற்கு இரட்டைக்கொம்பும் ககரமும் காலும் போதும். இவ்வாறு பொது உறுப்புகளைப் பிரித்தெடுத்தவுடன் எழுத்துகளின் கூட்டம் குறைந்தது. கு, சு, து, மு போன்ற உகர எழுத்துகளோ வெவ்வேறு உருவம் உடையன. அவற்றுக்குத் தனியிடம் தந்தேயாக வேண்டும்.

இன்னும் ஓர் இடர் எஞ்சியது. தட்டச்சுப்பொறியில் ஒரு விசையை அழுத்தினால் எழுத்துப் பதிந்தவுடன் தாளைத் தாங்கும் உருளை ஓரிடம் நகர்ந்துவிடும். மெய்யெழுத்தின் புள்ளியோ எழுத்தின் தலைமேல் நிற்க வேண்டுவது. இகரத்தைக் காட்டும் மேல்விலங்கும் எழுத்தோடு ஒட்டி நிற்க வேண்டுவது. உருளை நகர்ந்தால் புள்ளி ஓரிடத்தும் எழுத்து ஓரிடத்துமாகச் சிதறும். இதற்கு முத்தையா கண்ட வழியே நகரா விசை. இவ்விசையை அழுத்தினால் குறி பதியும், உருளை நகராது. அடுத்து எழுத்தின் விசையை அழுத்தினால், எழுத்து அக்குறியோடு சேர்ந்து ஓருருவாகப் பதிந்தபின் உருளை நகரும். கையால் எழுதுங்கால் ககரத்தை எழுதிப் பின்னர்ப் புள்ளி வைக்கிறோம். பொறியிலோ முதலிற் புள்ளியும் பின்னர் ககரமும் பதிகின்றன. வரிசை மாறினும் எழுத்து மாறவில்லை.

முதல் உலகப் போர் 1918ஆம் ஆண்டில் முடிவுற்றது. அதன் பின்னர், ஜெர்மனி நாட்டு டிரெஸ்டன் நகரில் இருந்த செய்டல் நௌமன் நிறுவனத்தார் முத்தையாவின் அமைப்பின்படி தமிழ்த் தட்டச்சுப்பொறிகளைச் செய்தளித்தனர். ஐடியல் என்னும் பெரிய பொறியும், பிஜூ என்னும் கையில் எடுத்துச் செல்லத்தக்க சிறிய பொறியும் தமிழ் எழுத்துகளைத் தாங்கி வந்தன. சுண்டிக்குளியிற் பிறந்த ஒருவர் சிங்கப்பூரில் இருந்து எண்ணிய எண்ணம், ஜெர்மனியில் இரும்பில் வடிவம் பெற்றுத் தமிழரிடம் வந்து சேர்ந்தது.

அதன் பயன் பின்னாளில் நன்கு விளங்கிற்று. 1956ஆம் ஆண்டில் சென்னை மாநிலத்தில் தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் நிறைவேறியது. சட்டம் இயற்றுவதால் மட்டும் ஒரு மொழி ஆட்சிமொழியாகிவிடாது. ஆணையும் சுற்றறிக்கையும் மறுமொழியும் அம்மொழியில் விரைந்து உருவாக வேண்டும். தமிழ்த் தட்டச்சுப்பொறி இல்லாதிருந்தால், பவானியாற்றங்கரையில் உள்ள சத்தியமங்கலத்து உழவர் ஒருவர் தமிழில் எழுதும் விண்ணப்பத்துக்கு, அவர் படித்தறியக்கூடிய தமிழில் விரைவாக விடை வருவது அரிதாகியிருக்கும். தட்டச்சுப் பயிலகங்கள் சிற்றூர்களை அடுத்த நகரங்களிலும் தோன்றின. உழவர் வீட்டுப் பிள்ளைகளும் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளும் தமிழ்த் தட்டச்சுப் பயின்று அலுவலகங்களிற் பணி பெற அவை வழி திறந்தன.

இக்கலையைப் பயிலும் முறையும் அறியத்தக்கது. விசைகளைத் தேடித்தேடி ஓரிரு விரல்களால் தட்டுவது தட்டச்சு ஆகாது. அமெரிக்க நாட்டு ஃபிராங்க் மெக்கரின் என்பார் விசைகளின் இடங்களை மனத்திற் பதித்து, பலகையைப் பாராமலே எல்லா விரல்களாலும் தட்டப் பழகினார். 1888ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் சின்சினாட்டி நகரில் நடந்த போட்டியில், பலகையைப் பார்த்துத் தட்டிய லூயி டிராப் என்பாரை அவர் வென்றார். அன்று முதல் பாராது தட்டும் முறையே சிறந்தது என்பதை உலகம் ஏற்றது.

தமிழ் பயில்வோர் நடுவரிசையில் இடக்கை விரல்களை ய, ள, ன, க என்னும் விசைகளிலும், வலக்கை விரல்களைத் த, ம, ட, புள்ளி என்னும் விசைகளிலும் நிறுத்துகின்றனர். இவை விரல்களின் இருப்பிடம். எந்த விசையை நாடிச் சென்றாலும் விரல் மீண்டும் தன் இருப்பிடத்துக்கு வந்துவிட வேண்டும். கண்கள் படியைவிட்டு அகலலாகாது. ககர விசையின் மேல்நிலையில் கு, தகர விசையின் மேல்நிலையில் து, மகர விசையின் மேல்நிலையில் மு என அமைந்திருத்தலால் நினைவிற்கொள்ளுதல் எளிதாகிறது. தொடக்கத்தில் விரைவை நாடாது பிழையின்மையை நாட வேண்டும். பிழையற்ற பழக்கம் முதிர, விரைவு தானே வரும்.

விரைவோடு தாளின் அழகும் வேண்டும். தமிழ்நாட்டில் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்திவந்துள்ள தட்டச்சுத் தேர்வுகளில் வேகத்துக்கு ஒரு தாளும், கடிதமும் பட்டியலும் அமைப்பதற்கு மற்றொரு தாளும் உண்டு. இடப்புறம் ஓரம் விடுதல், பத்தியின் தொடக்கத்தைச் சற்று உள்ளே தள்ளுதல், அனுப்புநர், பெறுநர், பொருள் ஆகியவற்றை உரிய இடத்தில் வைத்தல், தலைப்பை நடுவில் நிறுத்துதல் என்பன முதற்பாடங்கள். அறுபது இடங்கள் கொண்ட வரியில் விண்ணப்பம் என்னும் தலைப்பை நடுவே அமைப்பதாகக் கொள்வோம். புள்ளியும் மேல்விலங்கும் நகரா விசைகள் ஆதலால் அவற்றுக்கு இடமில்லை. அச்சொல் ஆறு இடங்களையே கொள்ளும். எஞ்சிய ஐம்பத்து நான்கில் பாதியாகிய இருபத்தேழு இடங்களை விட்டுத் தொடங்கினால் தலைப்பு நடுவில் நிற்கும். ஆனால் கோ என்னும் ஓரெழுத்தோ மூன்று இடங்களைக் கொள்ளும். இந்நுட்பம் அறியாதார் அமைக்கும் தலைப்பு ஒருபுறம் சாய்ந்துவிடும்.

காலப்போக்கில் கணிப்பொறி வந்தது. 1999ஆம் ஆண்டில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தமிழ்99 என்னும் புதிய விசைப்பலகை வகுக்கப்பட்டது. அதில் உயிரெழுத்துகள் இடப்புறமும் மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலப்புறமும் அமைந்தன. தலைப்பை நடுவில் நிறுத்தும் கணக்கையும் கணிப்பொறி தானே செய்துவிடுகிறது. ஆயினும், பொறியிற் பயின்றோர் தம் விரல்கள் அறிந்த பழைய தட்டச்சு முறையையே கணிப்பொறியிலும் அமைத்துக்கொண்டு எழுதுகின்றனர்.

முத்தையா அரசரல்லர்; பெருஞ்செல்வரல்லர்; பிழைப்பை நாடிக் கடல் கடந்த எழுத்தர். பிறர் மொழிக்கு வாய்த்த கருவியைக் கண்டு வியந்து நின்றுவிடாமல், தம் மொழிக்கும் அது வேண்டும் என்று விழைந்தார். 247 எழுத்துகளைக் கண்டு மலையாமல், அவற்றின் உறுப்புகளைக் கண்டு வழி வகுத்தார். பெரிய செயலைக் கண்டு அஞ்சுவோர் அதனைச் சிறு கூறுகளாகப் பகுத்து நோக்கக் கற்க வேண்டும். தமிழில் ஒரு விண்ணப்பத்தைப் பிழையின்றித் தட்டச்சிடும் ஒவ்வொரு மாணவரும் முத்தையாவின் உழைப்பின் பயனைத் தம் விரல் நுனியில் உணர்கின்றனர்.